மருந்தாளுநர் ஒழுக்கமும் பெயர் நீக்கமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியனாகிய எனக்கும் மருந்துக் கடைக்கும் என்ன இயைபு என்று உங்களிற் சிலர் வினவக் கூடும். இயைபு இரண்டு உண்டு. நம் அங்கத்தினர் குடும்பங்களில் மருந்துக் கடை நடத்துவோர் பலர். என்னிடம் தமிழ் படித்துச் சென்ற பிள்ளைகளிலும் ஆண்டுதோறும் சிலர் டி.பார்ம்., பி.பார்ம். வகுப்புகளிற் சேர்கின்றனர். இஃது ஒன்று. மற்றொன்று, சென்ற செயற்குழுவில் எழுந்த வழக்கு. மருந்துக் கடை ஒன்றிற் பதிவு பெற்ற மருந்தாளுநராய் இருக்கும் நம்மவர் ஒருவர்மேல் விசாரணை தொடங்கியிருக்கின்றது என்றும், சங்கம் ஒரு தூதுக்குழுவை அனுப்பி அதனை நிறுத்துமாறு அதிகாரிகளை வேண்டிக்கொள்ளல் வேண்டும் என்றும் ஒரு விண்ணப்பம் வந்தது. அவர் பெயரும் ஊரும் ஈண்டுக் கூறத் தக்கன அல்ல. விசாரணை முடியாமுன் அவரைக் குற்றவாளி என்றலும் முறையன்று. விண்ணப்பத்தின்மேல் முடிவு ஒத்திவைக்கப்பட்டது. அதற்குமுன் அங்கத்தினர் அனைவரும் இவ்விஷயத்தின் தன்மையை அறிந்திருத்தல் நலம் என்று கருதித் தலைவரவர்கள் என்னைப் பேசப் பணித்தார்கள்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு உழைச்செல்வான் என்று ஒருவனையும் கூட்டினார். இச்சொல்லுக்கு நோயாளியின் பக்கத்திருந்து பணிசெய்பவன் என்று பொருள் கொள்வாரும் உளர். பரிமேலழகரோ மருந்தைப் பிழை நேராமற் செய்து தருபவன் என்னும் கருத்துப்பட உரை கண்டார். இக்காலத்து மருந்தாளுநரை நினைக்குங்கால் அவ்வுரையே எனக்குப் பெரிதும் பொருந்தித் தோன்றுகின்றது. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்ததோடு அகன்று விடுகின்றார். நோயாளிக்கோ மருந்தின் பெயரைப் படிக்கவும் இயலாது. புட்டியினுள் இருப்பது சீட்டில் எழுதியதுதானா, எழுதிய அளவுதானா என்பதை அறிந்தவர் உலகத்தில் ஒருவரே. அவர் அதனை எடுத்துக் கொடுத்தவர். பிற தொழில்களில் வாங்குவோன் பொருளைத் தட்டிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், நிறுத்துப் பார்க்கலாம். இத்தொழிலில் அது கூடாமையாலேதான் இதற்கென்று ஒரு பதிவேடும், அப்பதிவேட்டினின்று பெயரை அடிக்கும் அதிகாரமும் உலகெங்கும் ஏற்பட்டன.

அவ்வொருவர் மனந்திரிந்தால் என்னாகும் என்பதற்கு அமெரிக்க நாட்டில் மிசௌரி மாநிலத்துக் கன்சாஸ் நகரில் நிகழ்ந்தது ஒன்று உண்டு. ராபர்ட் கோர்ட்னி என்பவர் அந்நகரத்து மருந்தாளுநர், செல்வர், தம் ஆலயத்திற்குப் பெருந்தொகை நன்கொடை எழுதியவர். புற்றுநோயாளரின் குருதிநாளத்திற் செலுத்தும் விலையுயர்ந்த மருந்துகளை மருத்துவர்களுக்குக் கலந்து அனுப்புதல் அவர் தொழில். அவர் மருந்தைக் குறைத்து நீரை மிகுத்து, முழு விலையும் பெற்று வந்தார். எவரும் ஐயுறவில்லை. புற்றுநோயாளர் இறத்தல் இயல்பு என்று உலகம் எண்ணியதே அவருக்கு அரணாயிற்று. இறுதியில் அவரைக் காட்டிக்கொடுத்தது கணக்கு. மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி ஒருவர், ஒரு மருத்துவர் கோர்ட்னியிடம் வாங்கிய மருந்தின் அளவு, கோர்ட்னி கம்பெனியிடம் வாங்கிய அளவினும் மிகுதியாய் இருத்தலைக் கண்டார். இச்செய்தி அம்மருத்துவர் செவிக்கு எட்டியது. அவர் தமக்கு வந்த மருந்தைச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார். எழுதிய அளவில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் இல்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கோர்ட்னி சிறைப்பட்டார். 2002 பிப்ரவரியில் இருபது குற்றங்களையும் ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் முப்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1992-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 98,000 மருந்துச் சீட்டுகளும் 4,200 நோயாளரும் இக்கலப்படத்திற்கு உட்பட்டிருக்கலாம் என்று புலனாய்வோர் கணித்தனர். அவருள் எவர் மருந்து குறைந்தமையால் மாண்டார், எவர் நோயினாலேயே மாண்டார் என்று பிரித்தறிய இனி ஒருவராலும் ஆகாது.

கோர்ட்னி வெளிப்படையான கள்வர். அவரைப் பற்றி நமக்குள் வாதம் எழாது. நாம் சிந்திக்க வேண்டியது பிறிதொரு வழக்கு. அங்கே குற்றம் முன்னரே தெரிந்திருந்தது. தண்டிக்கும் அதிகாரமும் இருந்தது. இரக்கமும் பரிந்துரையும் இடையே புகுந்தன. ஆதலின் இதனைச் சற்று விரித்துரைக்கின்றேன், பொறுத்தருள்க.

அதே நாட்டில் மாசச்சூசெட்சு மாநிலத்தில் பிராமிங்காம் என்னும் ஊரில் நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்றொரு மருந்தகம் இருந்தது. 1998-இல் தோன்றியது. பாரி கேடன் என்னும் மருந்தாளுநர் அதன் தலைவர். தனித்தனி நோயாளரின் சீட்டுக்கேற்ப மருந்து கலந்து கொடுத்தற்கே அதற்கு உரிமம் இருந்தது. அது மெல்ல மெல்ல ஒரு தொழிற்சாலை போலப் பல மாநிலங்களுக்கும் ஊசிமருந்து அனுப்பத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளிலேயே முறையீடுகள் எழுந்தன. 2002-ஆம் ஆண்டு அங்குச் செய்த ஸ்டீராய்டு ஊசிமருந்து ஒன்றைப் பற்றியே, அதனைப் பெற்ற நோயாளர் சிலருக்கு மூளைச் சவ்வு அழற்சி போன்ற குறிகள் கண்டன என்று மத்திய அரசின் மருந்துத் துறைக்கு அறிக்கை சென்றது. 2004-இல் அம்மாநிலத்து மருந்தியல் வாரியம் ஒரு முடிவுக்கு வந்தது. பகிரங்கக் கண்டனம், மூன்றாண்டுகள் கண்காணிப்பு, இதுவே அவர்கள் முன்மொழிந்த தண்டனை. கடை மூடுவதற்கு ஆணையன்று, பெயர் நீக்கமும் அன்று என்பதைக் கவனியுங்கள். எனினும் கம்பெனியார் வழக்கறிஞர் வாயிலாக மறுத்தெழுதினர். வெளிப்படையாக இக்கண்டனம் வருமாயின் பிற மாநிலங்களில் உள்ள தம் உரிமங்களெல்லாம் இடர்ப்படும், தம் தொழிலுக்கே அது சாவாய் முடியும் என்று முறையிட்டனர். வாரியம் இளகியது. 2006 ஜனவரியில், தண்டனை என்ற பெயரே இல்லாத ஓர் உடன்படிக்கையோடு விஷயம் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மத்திய அரசின் மருந்துத் துறை ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. அதன்பின் ஆறாண்டுகள் கம்பெனி செழித்து வளர்ந்தது.

2012 செப்டம்பரில் டென்னசி மாநிலத்தில் முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்குத் தண்டுவட நீரிற் பூஞ்சை வளர்ந்திருப்பதை மருத்துவர் கண்டனர். மண்ணிலும் அழுகிய தழையிலும் வளரும் பூஞ்சை மனிதனின் தண்டுவடத்திற் புகுவது எங்ஙனம்? ஆராய்ந்தபோது வழி பிராமிங்காமிற் சென்று நின்றது. மூன்று தொகுதிகளாகச் செய்யப்பட்ட பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட குப்பிகள் இருபத்து மூன்று மாநிலங்களுக்குச் சென்றிருந்தன. ஏறத்தாழ 14,000 பேர் உடம்பில் அம்மருந்து ஏறியிருந்தது. அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் எண்ணியவாறு நோயுற்றோர் 753 பேர். இறந்தோர் 64 பேர். பின்னர் எண்ணிக்கை இன்னும் மிகுந்தது. பத்தாண்டுகட்கு முன் முறையீடு எழுந்த அதே ஸ்டீராய்டு மருந்தே இதுவும்.

வழக்கு மன்றத்தில் வெளியானவற்றைக் கேளுங்கள். காலங்கடந்த மூலப்பொருள்களைப் பயன்படுத்தினர். தூய்மைச் சோதனையின் முடிவு வருமுன்னரே மருந்தை அனுப்பினர். நோயாளர் பெயர் இல்லாமல் மருந்து அனுப்பலாகாது என்ற விதிக்காகப் பொய்ப் பெயர்களைச் சீட்டில் நிரப்பினர். கதைமாந்தர் பெயர்களும் நடிகர் பெயர்களும் நோயாளிகளாய் எழுதப்பட்டிருந்தன. தம் உரிமத்தை முன்னரே ஒப்படைத்துவிட்ட ஓர் உதவியாளரைத் தூய்மை அறையில் மருந்து கலக்க வைத்தனர். இவையனைத்தும் மருந்தாளுநர் பதிவு பெற்றோர் கண்முன் நடந்தவை. 2012 அக்டோபரில் அம்மாநில வாரியம் கம்பெனியின் உரிமத்தையும் கேடன் உள்ளிட்ட தலைமை மருந்தாளுநர்களின் உரிமங்களையும் நீக்க நடவடிக்கை எடுத்தது. கேடனுக்கும், மருந்து கலத்தலை மேற்பார்த்த கிளென் சின் என்பவருக்கும் கொலைக்குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. வஞ்சக வழிகளுக்காகச் சிறை விதிக்கப்பட்டது. முதலில் முறையே ஒன்பதும் எட்டும் ஆண்டுகளாயிருந்த தண்டனை, மேல்முறையீட்டுக்குப் பின் 2021-இல் பதினான்கரையும் பத்தரையும் ஆண்டுகளாயிற்று.

இப்போது நான் வினவுவது இது. 2004-இல் எண்ணிய அந்தச் சிறு தண்டனையை விதித்திருந்தால், அக்கம்பெனி மூன்றாண்டு கண்காணிப்பில் இருந்திருக்கும். அதன் குறை ஊரறிந்திருக்கும். பிற மாநில மருத்துவமனைகள் அதனிடம் மருந்து வாங்கத் தயங்கியிருக்கும். கேடனும் ஒருவேளை திருந்தியிருப்பார். அவரைத் தண்டனையினின்று காத்தவர் எல்லாம் அவருக்கு நன்மை செய்ததாகவே எண்ணியிருப்பர்.

எல்லாப் பிழையும் ஒருதன்மையவோ எனின், அன்று. இங்கிலாந்தில் 1998-ஆம் ஆண்டு ஒரு பச்சிளங்குழந்தைக்கு வயிற்றுவலி நீங்கப் பெப்பர்மிண்ட் நீர் கலந்து கொடுத்தனர். அதிற் சேர்க்க வேண்டிய குளோரோபார்ம் நீரின் இருமடங்குச் செறிவுள்ள வகைக்கு மாறாக, மிகச் செறிந்த மற்றொரு வகையைப் பயிற்சியிலிருந்த இளைஞர் சேர்த்துவிட்டார். பெயர் ஏறக்குறைய ஒன்று. வலிமையோ ஏறத்தாழ இருபது மடங்கு. மேற்பார்த்த மருந்தாளுநரும் அதனைக் காணவில்லை. குழந்தை இறந்தது. இருவர்மீதும் முதலில் சாட்டப்பட்ட மரணம் விளைத்த குற்றம் கைவிடப்பட்டு, தரமற்ற மருந்து கொடுத்தமைக்காக அபராதம் விதிக்கப்பட்டது. அவர்கள் பொருளாசையால் ஏதும் செய்தாரல்லர். இத்தகைய பிழைக்குச் சிறையச்சம் காட்டினால், பிழையை மறைப்பாரேயன்றி உரைப்பார் இல்லை என்பது அந்நாட்டில் நெடுநாள் வாதமாயிருந்தது. 2018-இல் அங்குச் சட்டம் திருத்தப்பட்டு, தொழிலில் நேர்மையாய் நின்று, தெரிந்தவுடன் நோயாளிக்கு அறிவிக்க முயன்ற மருந்தாளுநர்க்கு ஒரு காப்பு அளிக்கப்பட்டது. கை தவறியது வேறு, மனம் தவறியது வேறு என்று அறியும் சட்டமே செவ்விய சட்டம் என்பது என் கருத்து.

இனி நம் நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். கலப்பட மருந்து மிகுந்திருந்த காலத்தில், 1930-ஆம் ஆண்டு கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் அமைந்த குழு, மருந்துக்கு ஒரு சட்டமும் மருந்து கொடுப்போர்க்கு ஒரு சட்டமும் வேண்டும் என்றது. மருந்துச் சட்டம் 1940-இலும், மருந்தியற் சட்டம் 1948-இலும் வந்தன. பின்னதன் முப்பத்தாறாம் பிரிவை மருந்துக் கடை வைத்திருப்போர் ஒவ்வொருவரும் படித்திருத்தல் வேண்டும். மாநில மருந்தியற் கவுன்சிலின் செயற்குழு பதிவு பெற்ற ஒருவர் பெயரை நீக்க ஆணையிடலாம். காரணங்களாவன, பொய்யுரைத்தோ உண்மையை மறைத்தோ பதிவு பெற்றமை. குற்றத் தண்டனை பெற்றமை. தொழில்வகையில் இழிநடத்தை உடைமை. அவர்கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்திற்கும், அவரே தூண்டியிருந்தாலோ கண்டுங்காணாது இருந்தாலோ தக்க கவனம் வைக்காதிருந்தாலோ, அவர் பெயர் நீங்கும். நீக்கம் என்றைக்குமாகவும் இருக்கலாம். குறித்த சில ஆண்டுகட்காகவும் இருக்கலாம்.

சட்டம் கொடியதன்று என்பதையும் சொல்லிவிடுகின்றேன். அவர் தம் பக்கத்தைக் கூறத் தக்க வாய்ப்பு அளித்த பின்னரே ஆணை பிறக்கும். அவ்வாணையைக் கவுன்சில் முழுதும் கூடி உறுதிசெய்தல் வேண்டும். உறுதிசெய்த நாளினின்று மூன்று மாதம் கழியுமுன் அது நடைமுறைக்கு வாராது. உறுதிசெய்த செய்தி கிடைத்த முப்பது நாளுக்குள் மாநில அரசுக்கு மேல்முறையீடு செய்துகொள்ளலாம். இத்துணை வாயில்கள் திறந்திருக்கையில், பின்வாயில் வழியே ஒரு தூதுக்குழு செல்ல வேண்டிய தேவை யாது?

இழிநடத்தை என்று பெரிய சொல்லாக இருக்கின்றதே, நம்மவர் அத்தகைய கொடுமை ஏதும் செய்தாரோ என்று சிலர் கேட்கின்றனர். விசாரணைக்கு உள்ளான செய்தியை நான் பேசேன். பொதுவாக நம் ஊர்களில் வழங்கும் ஒன்றையே சொல்கின்றேன். கடையின் சுவரிற் சட்டமிட்ட சான்றிதழ் தொங்கும். சான்றிதழுக்கு உரியவர் வேற்றூரில் வேறு வேலை பார்ப்பார். மாதந்தோறும் ஒரு சிறு தொகை அவர் வீட்டுக்குப் போகும். கடையில் நிற்பவன் பத்தாம் வகுப்புத் தேறாத பையன். கூர்ந்த அறிவுடையவன், பெட்டியின் நிறத்தைக் கொண்டே மருந்தை எடுப்பான். மருந்து விதிகளின்படி, சீட்டுக்குரிய மருந்து பதிவு பெற்றவரின் நேர் மேற்பார்வையிலேயே கொடுக்கப்படல் வேண்டும். 2014 முதல் அமலுக்கு வந்த எச்-1 அட்டவணையிற் சேர்ந்த மருந்துகட்கு, எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காத்தலும் வேண்டும். பையன் அதனை எழுதுவானா? எழுதினாலும் பிராமிங்காமிற் போலக் கதைமாந்தர் பெயரையே எழுதுவான்.

சான்றிதழை வாடகைக்கு விடுதலை நம்மிற் பலர் வீட்டை வாடகைக்கு விடுதல் போல் எண்ணுகின்றனர். பிள்ளைகளைப் படிக்கவைத்த செலவுக்கு ஒரு வருவாய் என்பர். அச்சான்றிதழில் எழுதியிருப்பது ஒருவருடைய கண்ணும் கருத்தும் அங்கு இருக்கின்றன என்னும் உறுதிமொழி. கண்ணை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணாடியை மட்டும் கடைக்கு அனுப்பியது போலாம் இது. 2010-ஆம் ஆண்டு சென்னையிற் காலங்கடந்த மருந்துகளைப் பொறுக்கிப் புதுத் தேதியிட்டு மீண்டும் விற்ற செய்தி வெளிவந்தபோது நாடே திடுக்கிட்டது. அத்தகைய பெட்டி ஒரு கடைக்கு வருமாயின், அச்சின் வேறுபாட்டையும் தொகுதி எண்ணின் முரணையும் கண்டு நிறுத்தத் தக்கவர் யார்? பதிவு பெற்றவர். அவர்தாம் அங்கில்லையே.

ஏனைய வகுப்பார் தத்தம் ஆட்களுக்காகப் பரிந்து பேசுகையில் நாம் மட்டும் வாளாவிருத்தல் எங்ஙனம் என்று செயற்குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். அவர்பால் எனக்கு மிக்க மதிப்பு உண்டு. அவர் கேள்வியில் நியாயமும் உண்டு. பிறர்க்கு ஒரு நீதியும் நம்மவர்க்கு ஒரு நீதியும் வழங்கப்பட்டால் அதனை எதிர்த்துச் சங்கம் பேசத்தான் வேண்டும். ஆயினும் அக்கடைக்கு வருவோர் யார்? நம் தெருவினர், நம் பெண்டிர், நம் முதியோர். தூதுக்குழு எவரைக் காக்கச் செல்கின்றது, எவரை விட்டுச் செல்கின்றது என்று எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன். பிராமிங்காம் மருந்தால் மடிந்தவரும் ஏதோ ஒரு சங்கத்தினரும் ஏதோ ஒரு ஆலயத்தினருமாய் இருந்தவரே.

சங்கம் செய்யத் தக்கன வேறு உள. விசாரணைக்கு உள்ளானவர்க்கு இத்துறை அறிந்த வழக்கறிஞரை அமர்த்தித் தரலாம். அவர் கடையின் கொள்முதற் பட்டிகளையும் விற்பனைப் பட்டிகளையும் பதிவேடுகளையும் ஒழுங்குசெய்து உண்மையை உள்ளவாறு எழுதிக் கொடுக்க உதவலாம். கணக்கு நேராயிருப்பின் அதனினும் வலிய சாட்சி அவர்க்கு வேறில்லை. பெயர் நீங்குமாயின், அக்காலத்தில் அவர் பிள்ளைகளின் கல்விச் செலவைக் கல்வி நிதியினின்று ஏற்கலாம். பிள்ளைகள் ஒரு குற்றமும் செய்திலர்.

இன்னும் ஒன்று. நமது பத்திரிகையின் பின்னட்டையில் டி.பார்ம். சான்றிதழ் தேவை, நேரில் வரவேண்டியதில்லை என்று சிறு விளம்பரங்கள் வெளிவருகின்றன. சென்ற ஓராண்டு இதழ்களை எடுத்து எண்ணினேன், ஏழு இருந்தன. பணம் கொடுத்து வரும் விளம்பரம் என்பது ஆசிரியரவர்கள் கூறும் விடை. அவ்வருவாயை ஈடுசெய்ய மருந்துக் கடை நடத்தும் அங்கத்தினர் மூவர் தாமாகவே முன்வந்துள்ளனர். அவர் பெயர்களைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கின்றேன். இவ்விளம்பரங்களை வரும் இதழ் முதல் நிறுத்தல் வேண்டும் என்றும், தூதுக்குழு விண்ணப்பத்திற்கு ஈடாக முற்கூறிய உதவிகளைச் செய்தல் வேண்டும் என்றும் இரண்டு தீர்மானங்களை எழுதிச் செயலாளரவர்களிடம் ஒப்படைத்துள்ளேன். மறுப்புடையோர் எழுத்து வாயிலாகத் தெரிவித்தால் அவற்றையும் சேர்த்து அடுத்த செயற்குழுவிற் படிப்பதாகத் தலைவரவர்கள் இசைந்திருக்கின்றார்கள்.